விதை மட்டும் தின்று பழகிய காக்டெய்லுக்குக் காய், கீரை, பழம் கொடுப்பது எப்படி?

உங்கள் கேள்வியின் சாரம் இது: கோயம்புத்தூரில் உங்கள் வீட்டில் வளரும் இரண்டு வயது காக்டெய்ல் (cockatiel என்னும் கொண்டையுள்ள சிறு கிளி), குஞ்சாக வாங்கி வந்த நாளிலிருந்து தினையும் சூரியகாந்தி விதையும் கலந்த கடைத்தீனியை மட்டுமே தின்று வருகிறது. ஆப்பிள் துண்டும் வாழைப்பழமும் வைத்துப் பார்த்தீர்கள். அது கிட்டவே வரவில்லை. ஒருநாள் வெள்ளரிக்காயைக் கொஞ்சம் கொறித்தது. அன்று எச்சம் நீராகப் போனதைக் கண்ட வீட்டுப் பெரியவர்கள், இனிமேல் பச்சையாக எதையும் கொடுக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். பழம் கொடுத்தால் சளி பிடிக்கும் என்றும் அஞ்சுகிறார்கள். எவற்றை, எவ்வளவு கொடுக்கலாம், எவை ஆகாது, தின்ன வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்கலாமா என்ற ஐயமே வேண்டாம், கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் பழத்திலிருந்து தொடங்க வேண்டாம். கீரையிலிருந்தும் நிறமுள்ள காய்களிலிருந்தும் தொடங்குங்கள். கிளி என்றதும் நம் மனத்தில் கொய்யா மரமும் 'கிளி கொத்திய பழம்' என்ற பேச்சும் வந்துவிடுவதால், கிளிக்குப் பழமே உணவு என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். காக்டெய்ல் அந்த வகைப் பறவை இல்லை. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுச் சமவெளிகளில் கூட்டமாகத் தரையில் இறங்கிப் புல் விதைகளைப் பொறுக்கித் தின்னும் பறவை அது. நம் குறிஞ்சிப் பாடல்களிலும் பெண்கள் கிளி ஓட்டியது தினைப்புனத்தில்தான் என்பதை நினைத்துக்கொண்டால், கதிரைத் தேடி வரும் கிளி நமக்கும் புதிதல்ல என்பது விளங்கும். ஆகவே உங்கள் பறவை ஆப்பிளைத் தொடாததில் வியப்பில்லை. அதன் கண்ணுக்கு அது உணவாகவே படவில்லை.

விதையைத் தின்றே வாழும் பறவைக்கு விதை ஏன் போதாது என்று அடுத்து கேட்பீர்கள். காட்டில் அது தின்பது ஒரே வகை விதை அன்று. பருவத்துக்குப் பருவம் மாறும் பலவகைப் புற்களின் பச்சைக் கதிர்கள், பால் பிடித்த மணிகள், முற்றிய விதைகள், இளந்தளிர்கள் எல்லாம் அதில் அடங்கும்; அவற்றைத் தேடி அது நாள்தோறும் நெடுந்தூரம் பறக்கிறது. கூண்டில் உட்கார்ந்திருக்கும் பறவைக்குக் கிடைப்பதோ மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்த காய்ந்த விதை. சூரியகாந்திப் பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அதை மட்டும் தேடிப் பொறுக்கும் பறவையின் கல்லீரலில் கொழுப்புப் படிகிறது. தினை, சூரியகாந்தி இரண்டிலும் ஏ வைட்டமினோ அதற்கு மூலமான பீட்டா கரோட்டினோ மிகமிகக் குறைவு. சுண்ணாம்புச் சத்தும் குறைவு. அந்தச் சுண்ணாம்புச் சத்தோடு ஒப்பிட விதைகளில் பாஸ்பரஸ் மிகுதியாக இருப்பதால், உள்ள கொஞ்சமும் உடலில் சரியாகச் சேர்வதில்லை.

இவற்றுள் ஏ வைட்டமின் குறைபாட்டையே நான் முதலில் கவனிக்கச் சொல்வேன். வாய், மூக்குத் துளை, சைனஸ் அறைகள், மூச்சுக்குழல், சிறுநீரகக் குழாய்கள் ஆகியவற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் மென்படலம் ஈரத்தோடு இருப்பதற்கு அந்த வைட்டமின் தேவை. அது குறைந்தால் படலம் தடித்துக் காய்ந்து தோல்போல ஆகிவிடுகிறது. கிளியின் மேலண்ணத்துப் பிளவின் ஓரங்களில் கூர்மையாக நிற்க வேண்டிய சிறு முட்கள் மழுங்குகின்றன. வாய்க்குள் வெண்மையான கட்டிகள் தோன்றுகின்றன. மூக்குத் துளையில் அழுக்கு அடைக்கிறது. அடிக்கடி தும்மல் வருகிறது. காய்ந்த படலத்தைக் கிருமிகள் எளிதில் தாண்டிவிடுவதால் மூச்சுத் தொற்று தொற்றிக்கொள்கிறது. பழம் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று உங்கள் வீட்டில் அஞ்சுகிறார்கள். உண்மையில், விதை மட்டுமே தின்னும் பறவைக்குத்தான் சளியைப் போன்ற அந்தத் தொல்லைகள் வர வாய்ப்பு அதிகம் என்பதை அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

காய்களில் முதலிடம் காரட்டுக்கும் மஞ்சள் பூசணிக்கும். இரண்டும் எல்லாக் காலத்திலும் கிடைக்கும், விலையும் குறைவு, பீட்டா கரோட்டின் நிறைந்தவை. காரட்டைத் துருவியும் கொடுக்கலாம்; சற்றே ஆவியில் வேகவைத்து ஆறவிட்டுக் கொடுத்தால் பறவையின் உடல் கரோட்டினை இன்னும் நன்றாக எடுத்துக்கொள்ளும். பூசணியின் விதையையும் உப்பில்லாமல் கொடுக்கலாம். பல கிளிகள் சதையைவிட அதைத்தான் முதலில் எடுக்கும். சிவப்புக் குடைமிளகாய் மிக நல்லது, பச்சைக் குடைமிளகாயைவிடப் பழுத்துச் சிவந்ததில் கரோட்டின் அதிகம். சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. வெளிநாட்டுப் பறவை வளர்ப்பாளர்கள் அதைப் புகழ்ந்து சொல்வதெல்லாம் உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் வகையைப் பற்றி. நம் சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது தோல் சிவந்து உள்ளே வெளுத்திருக்கும் வகை. அதில் மாவுச்சத்து உண்டு, கரோட்டின் மிகக் குறைவு. கிழங்கை வாங்கும்போது வெட்டிப் பார்த்து, உள்நிறம் ஆரஞ்சாக இருந்தால் வேகவைத்துக் கொடுங்கள். வெளுத்திருந்தால் அதைக் காரட்டுக்கு மாற்றாக எண்ண வேண்டாம். ப்ராக்கோலி, பீன்ஸ், பச்சைப் பட்டாணி, கோவைக்காய், பீர்க்கங்காய் எல்லாம் கொடுக்கத் தக்கவை. வெள்ளரிக்காயும் சுரைக்காயும் பெரும்பகுதி தண்ணீர். சித்திரை வெயிலில் நாக்கு நனைய உதவும், சத்துக்கு அவற்றை நம்ப முடியாது. முட்டைக்கோஸ் எப்போதாவது கொஞ்சம் போதும்; அயோடின் குறைந்த விதைத்தீனியோடு அதை நாள்தோறும் சேர்த்துக் கொடுப்பது தைராய்டு சுரப்பிக்கு நல்லதன்று.

கீரைகளில் நம் ஊருக்குக் கிடைத்த பெரும் பேறு முருங்கை. கரோட்டின், சுண்ணாம்புச் சத்து இரண்டையும் ஒரே இலையில் தருவதில் அதற்கு இணையானது அருகில் வேறில்லை. வீட்டு மரமாக இருந்தால் மருந்தடித்த அச்சமும் இல்லை. ஒரு சிறு இணுக்கை ஒடித்து, அலசி, அப்படியே கம்பியில் செருகிவிடலாம். கொத்தமல்லித் தழை, வெந்தயக் கீரை, முள்ளங்கி இலை ஆகியவையும் ஏற்றவை. பாலக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை ஆகியவற்றில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. அது சுண்ணாம்புச் சத்தோடு பிணைந்து அதை உடலில் சேரவிடாமல் வெளியேற்றிவிடும். இவை நஞ்சல்ல, வாரத்தில் ஒருநாள் கொடுத்தால் தவறில்லை. ஆனால் முட்டையிடும் பெட்டைக்கு இவற்றையே தினமும் வைப்பவர்களைத் தடுக்கவே செய்வேன்.

பலரும் சொல்ல மறப்பது கதிரைப் பற்றி. காக்டெய்லுக்கு அதன் தாய்நிலத்து உணவுக்கு மிக அருகில் இருப்பது பால் பிடித்த பச்சைக் கதிர். கம்பு விளையும் பருவத்தில் கிராமத்துப் பக்கம் போகும்போது மருந்தடிக்காத வயலிலிருந்து நாலு கம்பங்கதிரைக் கேட்டு வாங்கி வந்து கூண்டில் கட்டிப் பாருங்கள். எதையும் தொடாத பறவைகூட அதைத் தொடும். ஏனென்றால் அதன் உருவம் அதற்குப் பழக்கமான தினையின் உருவம். நகரத்தில் இருப்பவர்கள் மொட்டைமாடியில் ஒரு தட்டில் மண் பரப்பிக் கம்பையோ தினையையோ விதைத்து, முளைத்து விரல் நீளம் வளர்ந்ததும் அந்தத் தட்டையே பறவையின் முன் வைக்கலாம். இளஞ்சோளக் கதிரும் இதே வேலையைச் செய்யும். முளைகட்டிய கம்பும் பச்சைப்பயறும் விதைக்கும் காய்க்கும் இடையில் நல்ல பாலமாக அமையும். நம் வெப்பத்தில் முளைப்பயறு விரைவில் புளித்துவிடும் என்பதால் நாளுக்கு இரண்டு மூன்று முறை அலச வேண்டும், லேசான வாடை வந்தாலும் கொட்டிவிட வேண்டும். ராஜ்மா போன்ற பெரிய அவரை வகைகளைப் பச்சையாகவோ முளைகட்டியோ கொடுக்கவே கூடாது. அவற்றில் உள்ள நச்சுப் புரதம் நன்றாகக் கொதித்து வெந்தால்தான் அழியும்.

இனிப் பழங்கள். பப்பாளி, மாம்பழம், கொய்யா, மாதுளை நான்கையும் முன்னால் நிறுத்துவேன். முதல் இரண்டிலும் கரோட்டின் உண்டு. கொய்யாவிலும் மாதுளையிலும் உள்ள சிறு விதைகளை உடைத்துத் தின்பது கிளிக்கு விருப்பமான வேலை. பப்பாளி விதையாலும் தீங்கில்லை. மாம்பழத்தைத் தோல் சீவிக் கொடுங்கள். வாழைப்பழம், திராட்சை, சப்போட்டா ஆகியவற்றில் சர்க்கரை மிகுதி, கரோட்டின் குறைவு. ஆசைக்கு ஒரு நகக்கண் அளவு போதும். சப்போட்டா, சீத்தா, லிச்சி, ஆப்பிள் ஆகியவற்றின் விதைகளை முற்றாக நீக்க வேண்டும். சீத்தா விதை பூச்சிகளையும் பேனையும் கொல்லப் பயன்படுமளவு கடுமையானது. ஆப்பிள் விதை கடிபட்டால் சயனைடை வெளியிடும். நெல்லிக்காயை மருந்தாக எண்ணிச் சிலர் சாறு பிழிந்து புகட்டுகிறார்கள். கிளி தனக்கு வேண்டிய சி வைட்டமினைத் தன் உடலிலேயே தயாரித்துக்கொள்ளும் பறவை; அந்தச் சிரமம் தேவையற்றது, வாயில் புகட்டும்போது சாறு மூச்சுக்குழலுக்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு. தோட்டத்துப் பழங்கள் இனிப்புக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை, காட்டுப் பழங்களைவிடச் சர்க்கரை கூடியவை. எனவே ஒரு நாளின் பச்சை உணவில் பழத்தின் பங்கு கால்பகுதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிளகாயைப் பற்றிக் கேட்காமல் யாரும் இருப்பதில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கிளிக்குக் காரம் தெரியாது. நம் நாக்கில் மிளகாயின் எரிச்சலை உணரும் புரதத்தை டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் கண்டறிந்தது. அந்தப் பணிக்காக அவருக்கு 2021-இல் நோபல் பரிசு பங்கிட்டு வழங்கப்பட்டது. பறவைகளின் உடலிலும் அந்தப் புரதம் உண்டு, ஆனால் அது மிளகாயின் காரத்துக்கு மசிவதில்லை. மிளகாய்ச் செடியின் விதையைப் பரப்புவதே பறவைகள்தாம். ஆகவே பழுத்த மிளகாயைக் கிளி மகிழ்ச்சியோடு தின்னும், அதில் கரோட்டினும் நிறைய உண்டு. மிளகாய் தின்றால் கிளி நன்றாகப் பேசும் என்ற நம்பிக்கைக்கு மட்டும் ஆதாரம் எதுவும் இல்லை. பேச்சு அதன் மூச்சுக்குழலின் அடியிலுள்ள குரலுறுப்பிலிருந்தும், அது நம்மோடு பழகும் பழக்கத்திலிருந்தும் வருவது.

கொடுக்கவே கூடாதவற்றில் முதலாவது அவகாடோ, நம் ஊர் ஜூஸ் கடைகளில் பட்டர் ஃப்ரூட் என்று சொல்லப்படுவது. கொடைக்கானல், ஏற்காட்டு மலைகளில் விளைந்து கோயம்புத்தூர்ச் சந்தைக்கு நிறையவே வருகிறது. உடலுக்கு நல்லது என்று வீட்டில் எல்லாரும் தின்னும்போது பறவைக்கும் ஒரு வாய் போகிறது. அதிலுள்ள பெர்சின் என்னும் பொருள் பறவையின் இதயத் தசையைத் தாக்கும். தின்ற பறவை சோர்ந்து, இறகைச் சிலிர்த்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி, ஓரிரு நாளில் இறந்துவிடக் கூடும். சதை, தோல், கொட்டை, இலை எதுவும் விலக்கல்ல. சாக்லேட், காபி, தேநீர், மது ஆகியவையும் கொல்லும் தன்மை உள்ளவை. காலையில் டம்ளர் ஓரத்தில் கிளி அலகை நனைப்பதை வேடிக்கை பார்க்க வேண்டாம். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பதால் குழம்பிலிருந்து எடுத்த காய் ஆகாது. உப்பு, எண்ணெய் கலந்திருப்பதாலும் ஆகாது. பச்சை மரவள்ளிக் கிழங்கில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பச்சைபடிந்த உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலையும் காம்பும், காளான் ஆகியவற்றை விலக்குங்கள். வேர்க்கடலையில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணத்தின் நஞ்சு இருக்கக் கூடும், மனிதர் தின்னும் தரத்தில் புதிதாக வறுத்தது தவிர வேறெதையும் நம்ப வேண்டாம். பால் சோறும் தயிர் சோறும் அன்பால் ஊட்டப்படுபவை. ஆனால் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் பறவைக்கு இல்லை. நம் வாயில் வைத்துக் கடித்த துண்டைக் கிளிக்கு ஊட்டும் வழக்கத்தையும் நிறுத்திவிடுங்கள்; நம் எச்சிலில் நமக்குத் தீங்கு செய்யாத கிருமிகள் அதற்கு நோயாகும்.

கழுவுவதில் அக்கறை வேண்டும். திராட்சை, மிளகாய், கொத்தமல்லி, கறிவேப்பிலை, காலிபிளவர் ஆகியவற்றில் பூச்சிமருந்து எச்சம் தங்க வாய்ப்பு அதிகம். ஏறத்தாழ நூறு கிராம் எடையே உள்ள உடலுக்கு நமக்குப் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுகூடப் பெரிது. தண்ணீரில் சற்று நேரம் ஊறவிட்டு, ஓடும் நீரில் அலசி, தோல் சீவத் தக்கவற்றைச் சீவிவிடுங்கள். மாம்பழத்தைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது நம் நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டது என்றாலும் நடக்கத்தான் செய்கிறது. காய்ப் பருவத்திலேயே மஞ்சள் பூசினாற்போல ஒரே சீராக நிறம் ஏறி மணமில்லாமல் இருக்கும் பழத்தைத் தவிர்ப்பது நல்லது. நறுக்கி வைத்த உணவை நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடக் கூடாது. எறும்பும் ஈயும் வருவதற்கு முன்பே அதில் கிருமி பெருகத் தொடங்கிவிடுகிறது. வேகவைக்கும் பாத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல்: நான்ஸ்டிக் வாணலி அளவுக்கு மீறிச் சூடேறினால் எழும் ஆவி, அடுத்த அறையில் உள்ள பறவையையும் சில நிமிடங்களில் கொன்றுவிடும். எவர்சில்வர் பாத்திரமே போதும்.

உங்கள் வீட்டாரை அச்சுறுத்திய நீர்த்த எச்சத்துக்கு வருகிறேன். கிளியின் எச்சத்தில் மூன்று பகுதிகள் உண்டு: பச்சையாகவோ பழுப்பாகவோ புழுப்போலச் சுருண்டிருக்கும் மலம், வெள்ளையாக உள்ள யூரிக் அமிலம், சுற்றிலும் தெளிந்த நீராக உள்ள சிறுநீர். வெள்ளரியும் தர்பூசணியும் தின்றபின் மூன்றாவது பகுதி மட்டும் கூடும். அது வயிற்றுப்போக்கு ஆகாது, தின்ற தண்ணீர் வெளியேறுகிறது. சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். மலப் பகுதியே உருவமில்லாமல் கூழாகிப்போனால், துர்நாற்றம் அடித்தால், வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், அல்லது காய் தின்னாத நாளிலும் நீர்த்தே போனால் அது நோயின் அடையாளம். பீட்ரூட்டோ சிவப்பு டிராகன் பழமோ தின்ற நாளில் எச்சம் சிவப்பாக வரும் என்பதையும் முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்கள், இரத்தம் என்று பதறாமல் இருப்பார்கள்.

தின்ன வைப்பதுதான் இதில் உள்ள பெரிய வேலை, இங்கேதான் பெரும்பாலோர் பொறுமை இழக்கிறார்கள். குஞ்சுப் பருவத்தில் எது உணவு என்று தாய் தந்தையிடம் கற்றதோ அதை மட்டுமே உணவாக நம்பும் இயல்பு காக்டெய்லுக்கு உண்டு. புதிய பொருளைக் கண்டு அஞ்சுவது காட்டில் அதன் உயிரைக் காத்த பண்பு. எனவே பிடிவாதம் என்று அதைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. இரவில் விதைக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, விடிந்ததும் பசியோடு இருக்கும் வேளையில் முதலில் கீரையையும் பொடியாக நறுக்கிய காயையும் வையுங்கள்; ஒன்று ஒன்றரை மணி நேரம் கழித்து வழக்கமான விதையைக் கொடுத்துவிடுங்கள். கிண்ணத்தைவிடத் தட்டையான தட்டு நல்லது. தரையில் மேயும் பறவை அது, தட்டின் மீது நடந்து பொறுக்கத் துணியும். துருவிய காரட்டின் ஈரத்தில் தினை ஒட்டிக்கொள்ளும்படி பிசைந்து வைத்தால், தினையை எடுக்கும்போதே காரட்டின் சுவையும் நாக்கில் படும். கொத்தமல்லியையோ முருங்கை இணுக்கையோ நீர் சொட்டச் சொட்டக் கூண்டின் மேல்புறத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். ஈர இலையில் உரசிக் குளிக்கப் போகும் பறவை வழியிலேயே கொறிக்கப் பழகும். எல்லாவற்றையும்விட வலுவான வழி, அதன் கண்முன் நீங்கள் அதையே ரசித்துத் தின்பது. கூட்டமாக உண்ணும் பறவைக்கு நீங்களே கூட்டம். கூட்டம் தின்பதைத் தானும் தின்னும். ஒரு வாரம் தொடவில்லை என்று அந்தக் காயைக் கைவிட வேண்டாம். துருவல், நீளத் துண்டு, வேகவைத்தது, பச்சை என்று வடிவம் மாற்றி வாரக்கணக்கில், தேவையானால் மாதக்கணக்கில் வைத்துக்கொண்டே இருங்கள்.

இந்த முயற்சியில் மீறக் கூடாத எல்லை ஒன்று உண்டு: பட்டினி போடாதீர்கள். வேறு வழியில்லாவிட்டால் தானே தின்னும் என்று விதையை முழுதும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்; அந்த அறிவுரையை நான் வன்மையாக மறுக்கிறேன். சிறு பறவையின் உடல் ஒரு நாள் பட்டினியையே தாங்காது, உணவென்று அறியாத ஒன்றின் முன்னால் அது பசியோடு செத்துப்போகவும் கூடும். இதற்காகவே சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, நாள்தோறும் காலையில் உணவுக்கு முன் எடை பார்த்து எழுதி வையுங்கள். வளர்ந்த காக்டெய்ல் பெரும்பாலும் 80 முதல் 110 கிராம் இருக்கும். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மாற்றத்தை நிறுத்திப் பழைய தீனிக்குத் திரும்ப வேண்டும். கிண்ணத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கிளி உரித்துப் போட்ட உமி மேலே நிறைந்திருக்கும்போது கிண்ணம் நிரம்பியிருப்பதுபோலத் தோன்றும். தினமும் ஊதிப் பார்த்து நிரப்புங்கள். எச்சத்தின் எண்ணிக்கை குறைந்து, சிறிதாகவும் கரும்பச்சையாகவும் வந்தால் அது சரியாகத் தின்னவில்லை என்று பொருள்.

அளவு கேட்டிருந்தீர்கள். ஒரு காக்டெய்லுக்கு நாளொன்றுக்கு நறுக்கிய பச்சை உணவு இரண்டு தேக்கரண்டி தாராளம். பெல்லட் எனப்படும் சத்துருண்டையைத் தின்னப் பழகிய பறவைக்கு அது மொத்த உணவில் பாதிக்கு மேலும், காய், கீரை, பழம் கால்பகுதி வரையும், விதை மிச்சத்துக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல பெல்லட் நம் ஊரில் விலை கூடியது, எல்லாராலும் முடியாது என்பதை அறிவேன். அது முடியாத வீட்டில் சூரியகாந்தியைப் பரிசாக மட்டும் கையால் கொடுத்து, தினை, கம்பு, சாமை என்று சிறுதானியங்களைக் கலந்து, கீரையிலும் காரட்டிலும் ஒருநாளும் தவறாமல் இருந்தால் பறவை நன்றாகவே வாழும். சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டிவிடுங்கள். ஆண் துணை இல்லாமலேயே பெட்டைக் காக்டெய்ல் முட்டையிடும். சுண்ணாம்பு குறைந்த உடலில் முட்டை வெளிவராமல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. உடல் அந்தச் சத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் டி வைட்டமினும், அதற்குக் காலை வெயிலும் தேவை. கண்ணாடிச் சன்னல் வழியாக வரும் வெளிச்சம் போதாது. நிழலுக்கு ஒதுங்க இடம் விட்டுக் கூண்டை வெளியே வைக்க வேண்டும். தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி ஊற்ற வேண்டாம். தண்ணீரின் சுவை மாறினால் பறவை குடிப்பதைக் குறைக்கும், சர்க்கரை கலந்த நீரில் கிருமி வளரும், ஏ வைட்டமின் அளவு மீறினால் நஞ்சாகும். கீரையிலும் காயிலும் உள்ள பீட்டா கரோட்டினில் இந்த அச்சம் இல்லை. தனக்கு வேண்டிய அளவை மட்டுமே உடல் வைட்டமினாக மாற்றிக்கொள்ளும்.

இங்கே சொன்னவற்றை எல்லாக் கிளிகளுக்கும் அப்படியே பொருத்த முடியாது. நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் பட்ஜிக்கு இது ஏறத்தாழப் பொருந்தும். சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளிக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வலிப்பே வருவதுண்டு, அதற்குக் கீரை இன்னும் முக்கியம். எக்லக்டஸ் காயும் பழமும் அதிகம் தேவைப்படும் பறவை. தூரிகை போன்ற நாக்குள்ள லோரி தேனையும் பழத்தையும் நம்பி வாழ்வது, அதற்கு விதைத்தீனி உணவே அன்று. இதைப் படிக்கும் வேறு எவர் வீட்டிலாவது நம் காட்டுப் பச்சைக்கிளி கூண்டில் இருந்தால், அதை வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அறிந்து வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். அதன் உணவு மரத்தில் இருக்கிறது.

உங்கள் பறவை இரண்டு ஆண்டுகளாக விதையில் மட்டுமே இருந்திருப்பதால், மாற்றத்தைத் தொடங்குமுன் பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வாயைத் திறந்து மேலண்ணத்துப் பிளவையும் அடிப்பாதத்தின் தோலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏ வைட்டமின் குறைந்த பறவையின் பாதத்தோல் வரிகள் தேய்ந்து வழவழப்பாகி, பிறகு புண்ணாகும். அவற்றில் மாற்றம் தெரிந்தால் தொடக்கத்தில் ஊசியாகவோ மருந்தாகவோ வைட்டமின் தேவையா, எவ்வளவு என்பதை அவர் முடிவு செய்வார். கீரை அதற்குப் பிறகு நிலைநிறுத்தும் வேலையைச் செய்யும். மருத்துவரிடம் போகும் நாளில் கூண்டின் அடித்தாளை மாற்றாமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள், முந்தைய நாள் எச்சம் அவருக்குப் பல செய்திகளைச் சொல்லும். நாளைக் காலைக்கு ஒரு முருங்கை இணுக்கும் துருவிய காரட்டும் போதும். பறவை தொட்டாலும் தொடாவிட்டாலும் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட்டு, மறுநாளும் வையுங்கள்.